'ரன்' என்னும் ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் கற்பவர்களுக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கப் பழகுபவர்களுக்கும் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். நீளமான, புழக்கம் குறைந்த சொற்களைப் பற்றி அவர்கள் கேட்பதைவிட, எல்லோருக்கும் தெரிந்த 'ரன்' என்ற சின்னஞ்சிறு சொல்லைப் பற்றிக் கேட்பதே அதிகம். தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். இந்தச் சொல்லோ தெரிந்ததாகவே தோன்றுவதால் யாரும் அகராதிப் பக்கம் போவதில்லை, பிழையும் அங்கேதான் நேர்கிறது. திரும்பத் திரும்ப வந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. வாய்விட்டுப் படித்தால் உடனே விளங்கும்.

1. 'ரன்' என்றால் ஓடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

காலால் விரைந்து செல்வது அதன் முதற்பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு நாளிதழையோ அலுவலகக் கடிதத்தையோ எடுத்துப் படித்தால், அந்தப் பொருளில் அந்தச் சொல் வரும் இடங்கள் மிகக் குறைவாகவே இருக்கும். ஆங்கிலத்தில் மூக்கு ஒழுகினாலும் ரன், ஆறு பாய்ந்தாலும் ரன், துணியில் சாயம் இறங்கினாலும் ரன். நிறுவனத்தை நடத்துவதும், கணினியில் ஒரு நிரலை இயக்குவதும், தேர்தலில் போட்டியிடுவதும், செய்தியை வெளியிடுவதும் அதே ரன்தான்.

ஒரு மாணவர் 'வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் வாட்டர்' என்பதை 'நாங்கள் தண்ணீருக்கு வெளியே ஓடிவிட்டோம்' என்று எழுதிக் கொண்டுவந்தார். சொல் சொல்லாக எடுத்துப் பார்த்தால் அவர் எதையும் தவறாகப் படிக்கவில்லை. ஆனால் மூலம் சொன்னது 'எங்களிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது' என்பதை. அவருடைய நோட்டில் அந்த வரியைப் பார்த்த அன்றுதான் இந்தச் சொல்லுக்கென்று தனியாக ஒரு வகுப்பை ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

2. 'ரன்' என்பதற்கு 645 பொருள் உண்டு என்கிறார்களே, அது உண்மையா?

அந்த எண்ணுக்கு ஆதாரம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 1989-இல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்பாக வெளிவந்தபோது, அதில் மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் 'செட்' என்பது. அதன் வினை வடிவத்துக்கு மட்டும் 430 பொருள்கள் தரப்பட்டிருந்தன. மூன்றாம் பதிப்புக்காகச் சொற்களைத் திருத்தத் தொடங்கியதும், 2000-இல் 'மேக்' அதை முந்தியது, 2007-இல் 'புட்' முந்தியது, 2011-இல் 'ரன்' 645 பொருள்களோடு எல்லாவற்றையும் முந்தியது. அந்த ஒரு வினைச்சொல்லைத் திருத்தி எழுத அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு ஏறத்தாழ 9 மாதங்கள் ஆயின.

ஆனால் இந்த எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. வழக்கொழிந்துபோன பொருள்கள், கப்பலோட்டிகளும் அச்சுத் தொழிலாளரும் மட்டும் பயன்படுத்திய பொருள்கள், 'ரன் அவுட்', 'ரன் டவுன்' போன்ற கூட்டுவினைகள் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். மேலும், ஒரு பொருள் எங்கே முடிந்து அடுத்த பொருள் எங்கே தொடங்குகிறது என்பது அகராதியாளர் கோடு கிழிக்கும் இடத்தைப் பொறுத்தது. பேருந்து ஓடுவதையும் இயந்திரம் ஓடுவதையும் ஒருவர் ஒரே பொருளாக எண்ணுவார், இன்னொருவர் இரண்டாகப் பிரிப்பார்.

3. அப்படியானால் எத்தனை பொருளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

ஒன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பதே என் பதில். ஒரு மாணவி நோட்டில் இடப்பக்கம் 'ரன்' என்று எழுதி, வலப்பக்கம் 40 தமிழ்ச் சொற்களை வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். அவ்வளவு உழைத்தும், ஒரு வாக்கியம் எதிரே வந்தபோது அந்த 40-இல் எதை எடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. வாக்கியத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள், வாக்கியத்துக்குத் திரும்பும் வழியை மறந்துவிடுகிறது.

இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை சில கிளைகளாகப் பிரிந்து வளர்ந்தவை. விரைந்து செல்வது ஒரு கிளை. அதிலிருந்து தப்பியோடுவது, போட்டியிடுவது ஆகியவை பிறந்தன. நீர் வழிந்து செல்வது மற்றொரு கிளை. மூக்கு, சாயம், குழாய், கண்ணீர் எல்லாம் அதில் சேரும். இயங்குவதும் இயக்குவதும் மூன்றாவது. இயந்திரம், நிரல், நிறுவனம், சோதனை என்று இன்றைய எழுத்தில் மிகுதியாக வருவது இதுதான். நீண்டு கிடப்பது நான்காவது: 'தி ரோட் ரன்ஸ் அலாங் தி ரிவர்' என்றால் ஆற்றை ஒட்டியே சாலை செல்கிறது என்று பொருள். சாலை அசைவதில்லை, பார்ப்பவரின் கண் அதன்மேல் ஓடுகிறது. இடத்தில் நீள்வது போலவே காலத்திலும் நீளும். ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு 'ரன்ஸ்' என்றால் அதுவரை செல்லுபடியாகும் என்று பொருள். ஐந்தாவதாக ஒரு விசித்திரமான கிளையும் உண்டு; அதைப் பதினான்காம் கேள்வியில் பார்க்கலாம்.

4. தமிழில் 'ஓடு' என்பதற்கு இப்படிப் பல பொருள் கிடையாது அல்லவா?

நன்றாக உண்டு, நாளெல்லாம் பேசுவதால் நமக்கு அது தெரிவதில்லை. படம் நூறு நாள் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, ஏதோ வியாபாரம் ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது, மனத்தில் ஒரு எண்ணம் ஓடுகிறது, என்ன செய்வதென்றே ஓடவில்லை. இவற்றில் எதற்கும் கால் இல்லை. 'எனக்கு ஒன்றும் ஓடவில்லை' என்பதைப் பிறமொழிக்காரர் ஒருவர் காலோடு சேர்த்துப் பொருள்கொண்டால் நாம் எப்படித் திகைப்போமோ, அதே திகைப்பைத்தான் முதற்கேள்வியில் சொன்ன மொழிபெயர்ப்பு ஓர் ஆங்கிலேயருக்குத் தரும்.

இந்த ஒற்றுமை பெரிய துணை, ஆனால் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. படமும் கடிகாரமும் இரு மொழியிலும் ஓடும். மூக்கு ஆங்கிலத்தில் ஓடும், தமிழில் ஒழுகும். எண்ணம் இரு மொழியிலும் மனத்தில் ஓடும், ஆனால் 'ஒன்றும் ஓடவில்லை' என்பதை 'நத்திங் ரன்ஸ்' என்றால் ஆங்கிலத்தில் பொருளே இல்லை. ஒத்துப்போகும் இடங்களை அப்படியே எடுத்துக்கொண்டு, விலகும் இடங்களை மட்டும் குறித்துவைத்தால் சுமை பாதியாகக் குறையும்.

5. ஆமை ஓடு, கூரை ஓடு என்பதில் வரும் 'ஓடு' இந்தக் கணக்கில் சேருமா?

சேராது. விரைந்து செல் என்னும் ஓடு வேறு, மேல்மூடியான ஓடு வேறு. ஒலி மட்டுமே ஒன்று. ஒரே சொல் கிளைத்துப் பல பொருள் பெறுவதும், வெவ்வேறு சொற்கள் தற்செயலாக ஒரே ஒலியில் வந்து நிற்பதும் இருவேறு நிகழ்வுகள். ஆங்கிலத்தில் மட்டைக்கும் 'பேட்' என்று பெயர், வௌவாலுக்கும் 'பேட்' என்று பெயர். இரண்டுக்கும் மூலம் வேறு, எனவே அகராதிகள் அவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே தருகின்றன. 'ரன்' அப்படிப்பட்டதன்று. ஆறு, இயந்திரம், அலுவலகம், சாலை ஆகிய எல்லாவற்றுக்கும் வரும் ரன் ஒரே வேரிலிருந்து வளர்ந்தது. ஆகவே புதிய பொருள் ஒன்றைச் சந்திக்கும்போது, தெரிந்த பொருளோடு அதற்கு என்ன உறவு என்று தேடுவது வீண்போகாது.

6. நாம் 'ஓடு', 'ஓட்டு' என்று பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லே இரண்டையும் எப்படிக் குறிக்கிறது?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. தமிழில் 'குதிரை ஓடியது' என்பது தன்வினை, 'குதிரையை ஓட்டினான்' என்பது பிறவினை. சொல்லின் வடிவமே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் 'தி மெஷின் ரன்ஸ்' என்றால் இயந்திரம் ஓடுகிறது, 'ஷி ரன்ஸ் தி மெஷின்' என்றால் அவள் இயந்திரத்தை ஓட்டுகிறாள். வடிவம் மாறவில்லை, பின்னால் ஒரு செயப்படுபொருள் வந்து நின்றதும் பொருள் மாறிவிட்டது.

ஆனால் ஆங்கிலமும் ஒருகாலத்தில் நம்மைப் போலவே பிரித்துச் சொன்ன மொழிதான். பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதற்கு 'ரின்னன்' என்று ஒரு வினையும், ஓடச்செய்வதற்கு அதிலிருந்து பிறந்த 'அர்னன்' என்று மற்றொரு வினையும் இருந்தன. ஸ்காண்டினேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழியில் இருந்த இணைச்சொற்களும் வந்து கலந்ததில், காலப்போக்கில் இவை எல்லாம் ஒன்றாகி 'ரன்' ஆகிவிட்டன. ஜெர்மன் மொழியில் 'ரின்னென்', 'ரென்னென்' என்று இரண்டு சொற்கள் இன்றும் தனித்தனியாக வாழ்கின்றன. முன்னது நீர் ஒழுகுவதையும் பின்னது காலால் ஓடுவதையும் குறிக்கும்.

ஆங்கிலத்திலும் சில இணைகள் கரையாமல் தப்பியிருக்கின்றன. 'ஃபால்' என்றால் விழு, 'ஃபெல்' என்றால் மரத்தை வீழ்த்து. 'சிட்' என்றால் அமர், 'செட்' என்பது அமர்த்து என்னும் பிறவினையாகப் பிறந்தது. இரண்டாம் கேள்வியில் 430 பொருளோடு முதலிடத்தில் நின்ற 'செட்' அதுவேதான். ஒரு வினை 'செய்' என்ற நிலையிலிருந்து 'செய்வி' என்ற நிலைக்கும் இடம் கொடுக்கும்போது, அதன் பொருள் எவ்வளவு பெருகும் என்பதற்கு இவ்விரு சொற்களையும்விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

7. 'ஹி ஹேஸ் ரேன்' சரியா, 'ஹி ஹேஸ் ரன்' சரியா?

பின்னதே சரி. நிகழ்காலம் 'ரன்', இறந்தகாலம் 'ரேன்', 'ஹேஸ்', 'ஹாவ்', 'ஹேட்' ஆகியவற்றுக்குப் பின் மீண்டும் 'ரன்'. மூன்றாம் வடிவம் முதல் வடிவத்துக்கே திரும்பிவிடுவதால் பலர் தடுமாறுகிறார்கள். 'கம்' என்பதும் இப்படியே திரும்பும். இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

8. 'ரன்' என்பதற்கு ஒத்த சொற்களின் பட்டியல் ஒன்று தர முடியுமா?

ஒரே பட்டியலாகத் தர முடியாது. தந்தால் அது உதவுவதைவிடக் கெடுப்பதே மிகுதியாக இருக்கும். ஒத்த சொல் என்பது ஒரு சொல்லுக்கு ஒத்து வருவதில்லை, அந்தச் சொல்லின் ஏதேனும் ஒரு பொருளுக்கு ஒத்து வருகிறது. மூன்றாம் கேள்வியில் சொன்ன ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி உறவினர்கள் உண்டு, ஒரு கிளையின் உறவினருக்கும் மற்றக் கிளைக்கும் தொடர்பே இருக்காது.

காலால் ஓடுவதையே எடுத்துக்கொள்வோம். 'ஸ்ப்ரின்ட்' என்றால் குறுகிய தொலைவை முழு வேகத்தில் கடப்பது. 'ஜாக்' என்றால் மூச்சு வாங்காமல் சீராக மெல்லோட்டம் ஓடுவது. 'டேஷ்' என்பதில் அவசரம் இருக்கிறது. மழை வந்ததும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுகிறோமே, அந்த ஓட்டம். 'போல்ட்' என்பதில் அச்சம் இருக்கிறது. மிரண்ட குதிரை கட்டறுத்துக்கொண்டு பாய்வது போன்றது. 'ஸ்கரி' என்றால் எலி போலச் சின்னஞ்சிறு அடிகளாக விரைவது. 'ஃப்ளீ' என்றால் உயிருக்கோ உரிமைக்கோ ஆபத்து வந்து தப்பியோடுவது. அதில் கால் ஓடினாலும் சரி, கப்பலில் ஏறினாலும் சரி.

நீர் வழியும் கிளைக்கு வந்தால் 'ஃப்ளோ' பொதுவானது, 'போர்' என்றால் கொட்டுவது, 'ட்ரிக்கிள்' என்றால் கசிந்து இறங்குவது. நீளும் கிளைக்கு இடத்தில் 'எக்ஸ்டெண்ட்', காலத்தில் 'லாஸ்ட்'. செய்தி வெளியிடுவதற்கு 'பப்ளிஷ்'. 'தி ரோட் ஸ்ப்ரின்ட்ஸ் அலாங் தி ரிவர்' என்று ஒருமுறை மாற்றிப் பாருங்கள். ஏன் ஒரே பட்டியல் தர மறுக்கிறேன் என்பது விளங்கிவிடும்.

9. நடத்துவது என்ற பொருளில் 'ரன்', 'மேனேஜ்', 'ஆப்பரேட்' மூன்றும் ஒன்றுதானே?

நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. 'ஷி ரன்ஸ் தி ஹாஸ்பிடல்' என்றால் மருத்துவமனையின் முழுப் பொறுப்பும் அவர் கையில் இருக்கிறது, அன்றாடம் அது நடப்பதே அவரால்தான் என்ற தொனி இருக்கும். 'மேனேஜஸ்' என்றால் மேலாளர் என்ற பதவி கண்முன் வரும். அவருக்கு மேலேயும் ஒருவர் இருக்கலாம். 'ஆப்பரேட்ஸ்' என்பது இயந்திரத்துக்கும், விமானச் சேவை போன்ற அமைப்புகளுக்கும் இயல்பாக வரும். 'அட்மினிஸ்டர்' என்பது சட்டம், நிதி, தேர்வு ஆகியவற்றை விதிப்படி நிர்வகிப்பதைக் காட்டும்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. 'மேனேஜ்' என்ற சொல்லுக்கும் தனக்கென்று வேறு பொருள்கள் இருக்கின்றன: 'ஹி மேனேஜ்ட் டு ரன்' என்றால் அவன் எப்படியோ பாடுபட்டு ஓடிவிட்டான் என்று பொருள். 'ஆப்பரேட்' என்பதோடு 'ஆன்' சேர்ந்தால் அறுவைச் சிகிச்சை செய்வதாகிவிடும். ஒரு சொல்லுக்குப் பதிலாக மற்றொன்றைக் கொண்டுவரும்போது, வருகிற சொல் தன் குடும்பம் முழுவதையும் உடன் அழைத்து வருகிறது.

10. ஒத்த சொற்களைத் தொகுத்துத் தரும் 'தெசாரஸ்' நூலை வாங்கிவிட்டேன். அதில் இருக்கும் எந்தச் சொல்லையும் எடுத்துப் போடலாம் அல்லவா?

அந்த நூல் எப்படி உருவானது என்று தெரிந்தால் இந்த ஐயம் எழாது. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-இல் வெளியிட்ட தொகுப்பு அது. சொற்களை அகரவரிசையில் அடுக்காமல், உலகிலுள்ள கருத்துகளை ஏறத்தாழ 1000 தலைப்புகளாக வகுத்து, ஒவ்வொன்றின்கீழும் அதைச் சார்ந்த சொற்களை அவர் திரட்டினார். நம் நிகண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அவையும் தெய்வப் பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வழியே தொகுக்கப்பட்டவை, ஒரு சொல்லின் பல பொருளுக்கென்று தனித் தொகுதியும் கொண்டவை.

ஒரு தலைப்பின்கீழ் ஒன்றாக இருக்கும் சொற்கள் ஒரே ஊரில் குடியிருப்பவர்கள் போன்றவர்கள். அவர்களை இரட்டையர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மறந்துபோன சொல்லை நினைவுக்குக் கொண்டுவர அந்நூல் மிகச் சிறந்த துணை. இதுவரை கேள்விப்படாத சொல்லை அதிலிருந்து எடுத்தால், ஓர் அகராதியில் அதன் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்த பிறகே பயன்படுத்துங்கள்.

11. ஒரே பத்தியில் 'ரன்' மூன்று முறை வந்தால் மாற்றித்தானே ஆக வேண்டும்?

மூன்றும் ஒரே பொருளில் வந்தால் மாற்ற வேண்டியதில்லை. செயல்முறை விளக்கத்தில் 'ரன் தி டெஸ்ட்' என்று தொடங்கிவிட்டு அடுத்த வரியில் 'எக்ஸிக்யூட்' என்றும் அதற்கடுத்த வரியில் 'பெர்ஃபார்ம்' என்றும் எழுதினால், படிப்பவர் மூன்று வெவ்வேறு வேலைகள் என்று எண்ணுவார். மூன்றும் வெவ்வேறு பொருளில் வந்தால்தான் மாற்றியாக வேண்டும்; அங்கே படிப்பவர் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க நேரும்.

12. கிரிக்கெட்டில் 'ரன் அவுட்' என்றால் ஆட்டமிழப்பது. பிறகு 'ரன் அவுட் ஆஃப்' எப்படித் தீர்ந்துபோவது ஆகிறது?

இரண்டும் வெவ்வேறு வழியில் வந்தவை. ஆட்டத்தில் 'அவுட்' என்பது ஆட்டத்துக்கு வெளியே என்பதைக் குறிக்கும்; ரன் எடுக்க ஓடும்போது கோட்டைத் தொடுவதற்குள் விக்கெட் வீழ்த்தப்பட்டு வெளியேறுவது ரன் அவுட். தீர்ந்துபோவது என்ற பொருளில் வருவது நீர்க்கிளையைச் சார்ந்தது. மணற்கடிகையில் மணல் வழிந்து வெளியேறுவதை எண்ணிக்கொள்ளுங்கள்: மேற்கிண்ணத்தில் இருந்ததெல்லாம் ஒழுகி முடிந்தால் நேரம் 'ரன்ஸ் அவுட்'.

எழுவாயைக் கவனிப்பதும் முக்கியம். 'தி பேப்பர் ஹேஸ் ரன் அவுட்' என்றால் தாள் தீர்ந்துவிட்டது. 'வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்' என்றாலும் அதே செய்திதான், ஆனால் இங்கே எழுவாய் நாம். தமிழில் 'நாம் தாளிலிருந்து தீர்ந்துவிட்டோம்' என்று சொல்ல முடியாது. 'நம்மிடம் தாள் தீர்ந்துவிட்டது' என்று தீர்ந்த பொருளையே எழுவாயாக்க வேண்டும். முதற்கேள்வியில் வந்த மாணவர் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

13. 'ரன் இன்டு', 'ரன் ஓவர்', 'ரன் டவுன்' இவற்றுக்கும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பொருளா?

ஆம். 'ஐ ரேன் இன்டு எ ஃப்ரெண்ட்' என்றால் நண்பரை எதிர்பாராமல் சந்தித்தேன். 'தி கார் ரேன் இன்டு எ வால்' என்றால் கார் சுவரில் மோதியது. செலவு கோடிக்கணக்கில் 'ரன்ஸ் இன்டு' என்றால் அந்த அளவை எட்டுகிறது. 'ரன் ஓவர்' என்பது வாகனம் ஒருவர்மேல் ஏறிவிடுவதையும், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டுவதையும், பாலோ நீரோ பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிவதையும் குறிக்கும். தாண்டிச் செல்வது என்ற படம் மூன்றிலும் இருக்கிறது.

'ரன் டவுன்' என்பதில் 'டவுன்' இறங்குவதைக் காட்டுகிறது. மின்கலம் சக்தியிழந்தால் 'ரன்ஸ் டவுன்'. உடல் ஓய்ந்துபோனவர் 'ரன் டவுன்'. பராமரிப்பின்றிக் கிடக்கும் கட்டடமும் 'ரன் டவுன்'. ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதும் அவரை 'ரன் டவுன்' செய்வது. உடன் வரும் சிறுசொல் காட்டும் திசையை மனத்தில் படமாகக் கண்டுவிட்டால் இவற்றில் பலவும் தாமாகவே பிடிபடும்.

14. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே 'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்கிறாரே, எங்கே ஓடுகிறார்?

எங்கும் ஓடவில்லை. மூன்றாம் கேள்வியில் ஒத்திவைத்த ஐந்தாவது கிளை இதுதான். 'ரன்' என்பதற்குப் பின் ஒரு பண்புச்சொல் வந்தால், பல இடங்களில் அது அந்த நிலையை அடைவதை மட்டுமே காட்டும். கிணறு 'ரன்ஸ் டிரை' என்றால் வறண்டுபோகிறது. இருப்பு 'ரன்ஸ் லோ' என்றால் குறைந்துவருகிறது. குழந்தைகள் 'ரன் வைல்ட்' என்றால் கட்டுப்பாடின்றித் திரிகிறார்கள். 'ரன்னிங் லேட்' என்றால் அவருக்கு நேரம் தாமதமாகிக்கொண்டே போகிறது. 'போய்விடு' என்பதை நாம் 'வறண்டுபோய்விட்டது', 'களைத்துப்போய்விட்டான்' என்று பயன்படுத்துகிறோமே, கிட்டத்தட்ட அந்தப் பணியை இங்கே 'ரன்' செய்கிறது. நாம் சொல்லும் கிணறும் எங்கும் போவதில்லை.

ஆனால் எல்லாப் பண்புச்சொல்லோடும் சேராது. 'ரன் டிரை' உண்டு, 'ரன் வெட்' இல்லை. இந்தச் சேர்க்கைகளுக்கு விதி தேடாமல், படிக்கும்போது கண்ணில் பட்டவற்றைச் சேர்த்துக்கொண்டு போவதே நடைமுறைக்கு உகந்தது.

15. பெயர்ச்சொல்லாக வரும்போது எல்லாம் 'ஓட்டம்' என்று போட்டுவிடலாமா?

கிரிக்கெட்டில் போடலாம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி நான்கோ ஆறோ கிடைக்கும்போது யாரும் ஓடி முடிப்பதில்லை, ஆனாலும் கணக்கில் ஏறுவது ரன்தான். சொல் தன் செயலைவிட்டு எண்ணாகிவிட்டது. மற்ற இடங்களில் 'ஓட்டம்' பொருந்தாது. 'பேங்க் ரன்' என்றால் வங்கி நொடித்துவிடும் என்று அஞ்சி, வைப்பாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்ப எடுக்க முண்டியடிப்பது. 'பிரின்ட் ரன்' என்றால் ஒருமுறை அச்சிடும் படிகளின் எண்ணிக்கை. 'டிரை ரன்' என்றால் ஒத்திகை. கணினித் துறையில் நிரலைத் தாளிலேயே வரிவரியாகச் சரிபார்ப்பதும் அதுவே. 'சிக்கன் ரன்' என்றால் கோழிகள் உலவுவதற்காக வேலியிட்ட இடம். 'இன் தி லாங் ரன்' என்பதை 'நீண்ட ஓட்டத்தில்' என்று எழுதுபவர்கள் பெருகிவிட்டார்கள். 'நாளடைவில்' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கும்போது அது தேவையில்லை.

16. அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் இந்தச் சொல்லை ஒரே மாதிரிதான் சொல்கிறார்களா?

பெரும்பாலும் ஆம். தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்கர்கள் 'ரன்' என்பார்கள், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' என்பதே மரபு. ஒருவர் ஓடுகிறார், மற்றவர் நிற்கிறார். நாமும் தேர்தலில் 'நிற்கிறார்' என்றுதான் சொல்கிறோம். மெல்லிய காலுறையில் இழை விட்டு நீளமாகப் பிரிவதை அமெரிக்காவில் 'ரன்' என்றும் பிரிட்டனில் 'லேடர்' என்றும் சொல்வார்கள்.

17. புது வாக்கியம் ஒன்று வந்தால் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்துத்தான். எழுவாய் உயிருள்ளதா, நீர்மமா, இயந்திரமா, அசையாப் பொருளா என்று முதலில் பாருங்கள். பிறகு செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆறாம் கேள்வியில் சொன்ன 'ஓட்டு' பக்கம் சாயும். பிறகு ஒட்டிவரும் சிறுசொல்லைப் பாருங்கள்.

'தி பேப்பர் ரேன் எ ஸ்டோரி ஆன் தி மேன் ஹூ ரேன் தி பிளான்ட்' என்ற வாக்கியத்தை வகுப்பில் எழுதிப்போடுவது என் வழக்கம். தனித்தனியாக எடுத்தால் 'பேப்பர்' தாளாகலாம், 'ஸ்டோரி' கதையாகலாம், 'பிளான்ட்' செடியாகலாம். தாள் எதையும் 'ரன்' செய்யாது, எனவே பேப்பர் நாளிதழாகிறது. நாளிதழ் 'ரன்' செய்வது செய்தியை, எனவே ஸ்டோரி செய்தியாகிறது, ரேன் 'வெளியிட்டது' ஆகிறது. மனிதன் செடியை 'ரன்' செய்ய முடியாது, எனவே பிளான்ட் ஆலையாகிறது, இரண்டாவது ரேன் 'நடத்தியவர்' ஆகிறது. 'ஆலையை நடத்திவந்தவரைப் பற்றி அந்த நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது.' ஐயத்துக்கு இடமான சொற்கள் ஒன்றன் ஐயத்தை மற்றொன்று தீர்த்துக்கொள்கின்றன. இதை முதன்முறை கரும்பலகையில் காணும்போது மாணவர்களின் முகத்தில் தோன்றும் தெளிவுக்காகவே இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்துகிறேன்.

18. எல்லாம் சரி, 'ஷி ரன்ஸ் மாரத்தான்ஸ்' என்றால் அவர் ஓடுகிறாரா, நடத்துகிறாரா?

இந்த ஒரு வரியை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலாது. எழுவாய் உயிருள்ளது, செயப்படுபொருளும் இருக்கிறது, சிறுசொல் ஏதும் இல்லை. முந்தைய கேள்வியின் மூன்று சோதனைகளையும் கடந்த பிறகும் இரு பொருளும் எஞ்சி நிற்கின்றன. பழக்கத்தால் பெரும்பாலோர் 'மாரத்தான் ஓடுபவர்' என்றே கொள்வார்கள். 'ஷி ரன்ஸ் எ மாரத்தான் ஃபார் சாரிட்டி' என்று வந்தாலோ, அறநிதிக்காக ஓடுகிறாரா, அறநிதிக்காகப் போட்டியை நடத்துகிறாரா என்பது மீண்டும் திறந்துகொள்ளும்.

தமிழில் 'ஓடுகிறார்', 'நடத்துகிறார்' என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் சொல் நம்மிடம் இல்லை. ஆகவே முன்பின் பத்திகளில் பயிற்சி, காலணி, முழங்கால் வலி ஆகியவை பேசப்படுகின்றனவா, பதிவுக் கட்டணம், அனுமதி, தன்னார்வலர்கள் ஆகியவை பேசப்படுகின்றனவா என்று பார்க்கிறேன். அங்கும் விடை கிடைக்காவிட்டால், மூலத்தை எழுதியவரிடமே கேட்டுவிடுகிறேன்.